விம்பிள்டன் 2019 இறுதி: 218 புள்ளி எடுத்தவர் தோற்றார், 204 எடுத்தவர் ஜெயித்தார். என்ன கணக்கு இது?

பேக்ஹேண்ட் பித்தன் | 15 ஜூலை 2019, காலை 7:12

தூக்கம் வரவில்லை, இழையைத் தொடங்கிவிட்டேன். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஃபெடரரை ஜோகோவிச் 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று ஜெயித்தார். மொத்தம் 4 மணி 57 நிமிடம். 2008 நடால்-ஃபெடரர் ஆட்டம் 4 மணி 48 நிமிடம், அதையும் தாண்டிவிட்டது. விம்பிள்டன் ஒற்றையர் இறுதிகளில் இதுதான் நீளமானது.

இப்போது இந்த எண்களைப் பாருங்கள். ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்): ஃபெடரர் 25, ஜோகோவிச் 10. வின்னர் (எதிராளி திருப்ப முடியாத அடி): 94, 54. எதிராளியின் சர்வை உடைத்தது (அவர் சர்வ் போட்ட கேமை எடுத்தது): ஃபெடரர் 7 முறை, ஜோகோவிச் 3 முறை. மொத்தப் புள்ளி: 218, 204. நான்காவது செட் முடியப்போகும் வரை ஜோகோவிச்சுக்கு ஒரு பிரேக் பாயின்ட்கூட (சர்வை உடைக்கும் வாய்ப்பு) கிடைக்கவில்லை. இரண்டாவது செட் அரை மணி நேரம்கூட ஓடவில்லை.

எல்லாக் கட்டத்திலும் முன்னால் நிற்கிறவர் கையில் ஏன் இரண்டாம் இடத்துத் தட்டு, இன்னொருவர் கையில் ஏன் கோப்பை? ஜோகோவிச் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள். ஆனால் பதில் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

---

நோலே நந்தினி | 15 ஜூலை 2019, காலை 7:40

வந்துவிட்டேன். வின்னர் அதிகம் அடித்தவருக்குக் கோப்பை என்று எந்த விதியிலும் இல்லையே, பித்தன். மூன்று டை-பிரேக் (கேம் சமமாக நின்றால் செட்டை முடிவு செய்யும் குறும்போட்டி) நடந்தது, மூன்றையும் ஜோகோவிச் எடுத்தார். முதல் செட் டை-பிரேக்கில் ஃபெடரர் 5-3 என்று முன்னால் இருந்தார். அடுத்த நான்கு புள்ளியும் யாருக்குப் போயின? ஐந்து மணி நேரத்தில் எப்போது நன்றாக ஆட வேண்டுமோ அப்போது ஒருவர் நன்றாக ஆடினார், இன்னொருவர் மற்ற நேரமெல்லாம் நன்றாக ஆடினார். அவ்வளவுதான்.

---

சும்மா ஒரு பார்வையாளன் | 15 ஜூலை 2019, காலை 8:05

அடுப்பு பற்றிவிட்டது. நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

---

கணக்கு வாத்தியார் | 15 ஜூலை 2019, காலை 9:31

பித்தன் தம்பி புள்ளியை மட்டும் எண்ணியிருக்கிறார். நான் கேமையும் எண்ணிப் பார்த்தேன். ஃபெடரர் 6, 6, 6, 6, 12. கூட்டினால் 36. ஜோகோவிச் 7, 1, 7, 4, 13. கூட்டினால் 32. ஆக, கேம் கணக்கிலும் ஃபெடரர் நான்கு கூடுதல். தோற்றது செட் கணக்கில் மட்டும்தான், ஆனால் செட் கணக்குதான் கணக்கு.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். ஜோகோவிச் எடுத்த மூன்று செட்டிலும் டை-பிரேக் வரும்போது நிலவரம் 6-6, 6-6, 12-12. சரிசமம். அந்த மூன்று டை-பிரேக்கும் 7-5, 7-4, 7-3. அதாவது ஜோகோவிச் 21, ஃபெடரர் 12. மொத்தம் 33 புள்ளி.

இந்த 33-ஐ மொத்தத்திலிருந்து கழித்தால் மிச்சம் 389. அதில் ஃபெடரர் 206, ஜோகோவிச் 183. ஆட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கில் ஃபெடரர் நன்றாகவே முன்னால் இருந்திருக்கிறார். எட்டுப் பங்குகூட வராத அந்த 33 புள்ளியில் ஜோகோவிச் அடித்து நொறுக்கியிருக்கிறார்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மாநிலம் முழுக்க ஓட்டை எண்ணினால் ஒரு கட்சிக்குக் கூடுதலாக இருக்கும், தொகுதியை எண்ணினால் இன்னொரு கட்சி ஆட்சிக்கு வந்துவிடும். நாம் பார்க்காத கூத்தா? 6-1 என்று எடுத்த செட்டில் குவித்த புள்ளியெல்லாம் ஒரே தொகுதியில் லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த மாதிரி. பெருமைக்கு ஆகும், பக்கத்துத் தொகுதிக்கு உதவாது.

---

பேக்ஹேண்ட் பித்தன் | 15 ஜூலை 2019, காலை 9:50

சார், கணக்கு புரிகிறது. வயிறு எரிவது நிற்கவில்லை.

---

திருச்சி தினா | 15 ஜூலை 2019, காலை 10:14

நேற்று லண்டனில் நடந்தது இது ஒன்றுதானா? அதே ஊரில், கிட்டத்தட்ட அதே நேரத்தில், லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி. நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சூப்பர் ஓவரில் 15-15. கடைசியில் பவுண்டரியை எண்ணி, 26-17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். விக்கெட்டை எண்ணியிருந்தால் நியூசிலாந்து இழந்தது 8, இங்கிலாந்து ஆல் அவுட். நியூசிலாந்து கேப்டன் வில்லியம்சனைவிட ஃபெடரருக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டதாக யாரும் இங்கே அழக் கூடாது. ரிமோட்டை மாற்றி மாற்றிக் கட்டைவிரலே வலிக்கிறது.

---

நோலே நந்தினி | 15 ஜூலை 2019, காலை 10:22

இரண்டும் ஒன்றில்லை, தினா. பவுண்டரி எண்ணிக்கை விதிப்புத்தகத்தில் எங்கோ மூலையில் கிடந்தது. அந்த இரண்டு அணியும் அதை மனதில் வைத்து ஆடவே இல்லை. டை-பிரேக் அப்படியா? 12-12 வந்தால் டை-பிரேக் என்று போட்டி தொடங்கும் முன்பே இருவருக்கும் தெரியும். அதில் ஒவ்வொரு புள்ளியையும் பந்தை அடித்துத்தான் ஜெயிக்க வேண்டும். சூப்பர் ஓவரோடு ஒப்பிடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பவுண்டரியோடு ஒப்பிடாதீர்கள்.

---

நெறியாளர் | 15 ஜூலை 2019, காலை 11:00

லார்ட்ஸ் பற்றிப் பேச கிரிக்கெட் பகுதியில் ஏற்கெனவே ஆறு இழை ஓடுகிறது. தினா, அங்கே போங்கள். இங்கே டென்னிஸ்.

---

புல்தரை | 15 ஜூலை 2019, பகல் 12:47

ஃபெடரர் ரசிகர்கள் ஒரு பெயரை மறந்துவிட்டார்கள். ஆண்டி ராடிக். 2009, இதே சென்டர் கோர்ட், இதே இறுதி. 5-7, 7-6, 7-6, 3-6, 16-14 என்று ஃபெடரர் ஜெயித்தார். வாத்தியார் வழியில் கேமை எண்ணுவோம். ராடிக் 39, ஃபெடரர் 38. அந்த ஆட்டம் முழுக்க ராடிக்கின் சர்வ் உடைந்தது ஒரே ஒரு முறை, அதுவும் கடைசி கேமில். முதல் செட்டை எடுத்துவிட்டு, இரண்டாவது செட் டை-பிரேக்கில் 6-2 என்று நான்கு செட் பாயின்ட் கையில் வைத்திருந்தார். நான்கும் போயின. கடைசியில் உயரமாக வந்த பந்தை பேக்ஹேண்ட் வாலியில் வெளியே அடித்ததை இன்று நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அன்று ஃபெடரருக்கு அது பதினைந்தாவது கிராண்ட் ஸ்லாம். சாம்ப்ராஸின் 14-ஐத் தாண்டிய நாள். எல்லோரும் கொண்டாடினோம். அன்று யாரும் 'என்ன கணக்கு இது' என்று இழை திறக்கவில்லை. இந்தப் புள்ளி முறை கொடுக்கவும் செய்யும், பறிக்கவும் செய்யும், தம்பி.

---

பேக்ஹேண்ட் பித்தன் | 15 ஜூலை 2019, பகல் 1:20

ராடிக் விஷயத்தில் பதில் இல்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் அவர் கையில் சாம்பியன்ஷிப் பாயின்ட் (இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் பட்டம்) இருந்ததில்லை. ஃபெடரருக்கு இருந்தது. ஐந்தாவது செட், 8-7, தன்னுடைய சர்வ், 40-15. அதாவது இரண்டு வாய்ப்பு. அந்த கேமில் இரண்டு ஏஸ் போட்டுத்தான் அந்த இடத்துக்கே வந்தார். 37 வயது, அடுத்த மாதம் 38. அரையிறுதியில் நடாலை நான்கு செட்டில் முடித்துவிட்டு வந்தவர். இன்னும் ஒரே ஒரு நல்ல சர்வ் போதும். முதல் வாய்ப்பில் ஃபோர்ஹேண்டை வெளியே அடித்தார். இரண்டாவதில் நெட்டுக்கு வந்தார், ஜோகோவிச் குறுக்கே பாஸ் அடித்தார். அப்புறம் 8-8.

2011 அமெரிக்க ஓபன் அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? அங்கேயும் ஐந்தாவது செட், அங்கேயும் ஃபெடரர் சர்வ், அங்கேயும் 40-15, எதிரே இதே மனிதர். கண்ணை மூடிக்கொண்டு வீசியது போல் ஒரு ஃபோர்ஹேண்ட் ரிட்டர்ன். 2010-இலும் அதே அமெரிக்க ஓபன் அரையிறுதியில் இரண்டு மேட்ச் பாயின்ட்டை வைத்துக்கொண்டு தோற்றார். மூன்றாவது முறை. 40-15 என்று பலகையில் பார்த்தாலே எனக்குப் பயம்.

---

நோலே நந்தினி | 15 ஜூலை 2019, பகல் 1:58

மூன்று முறையும் எதிரே ஒரே ஆள் என்று நீங்களே எழுதிவிட்டு அதை 'அதிர்ஷ்டம்' என்கிறீர்களா? நீங்கள் அந்த வார்த்தையை எழுதவில்லை, சரி, ஆனால் வரிக்கு வரி அதுதான் தெரிகிறது.

அந்தக் கூட்டத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அரங்கத்தில் பத்துக்கு ஒன்பது பேர் ஃபெடரர் பக்கம். 'ராஜர், ராஜர்' என்று கத்துவதைத் தனக்கு 'நோவாக், நோவாக்' என்று கேட்பதாக மனதுக்குள் மாற்றிக்கொண்டேன் என்று ஆட்டம் முடிந்ததும் ஜோகோவிச் சொன்னார். கேட்கும்போது சிரிப்பு வந்தது. ஆனால் 40-15-இல் கை நடுங்காமல் பாஸ் அடிப்பதற்கு அப்படிப்பட்ட ஒரு மனது வேண்டும். இறுதியில் சாம்பியன்ஷிப் பாயின்ட்டைத் தடுத்து விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற ஆண் இதற்கு முன் 1948-இல் பாப் ஃபால்கன்பர்க். 71 வருடம்! அதை விட்டுவிட்டு ஏஸ் எண்ணுகிறோம்.

---

சென்டர் கோர்ட் செல்வி | 15 ஜூலை 2019, மாலை 4:36

இழையின் தலைப்பில் விம்பிள்டன் 2019 என்று இருக்கிறது. சனிக்கிழமை ஒரு இறுதி நடந்ததே, யாராவது பார்த்தீர்களா? ஹாலெப் 6-2, 6-2, எதிரே செரீனா. 56 நிமிடம். அன்ஃபோர்ஸ்டு எரர் (எதிராளி நெருக்காமல் தானே செய்த தவறு): செரீனா 26, ஹாலெப் 3. மூன்று! ஒரு கிராண்ட் ஸ்லாம் இறுதி முழுக்க மூன்று. ருமேனியாவுக்கு விம்பிள்டன் ஒற்றையரில் முதல் பட்டம்.

புல்தரையில் ஹாலெப் ஜெயிப்பார் என்று நானே நினைக்கவில்லை. உயரம் குறைவு, சர்வில் பெரிய வேகம் இல்லை. ஆனால் செரீனா அடித்த எந்தப் பந்தும் திரும்பி வராமல் இல்லை. வரமுடியாது என்று நாம் நினைத்த பந்து வரும்போது, செரீனாவும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. மார்கரெட் கோர்ட்டின் 24 பட்டத்தைத் தொடும் முயற்சியில் அவருக்கு இது தொடர்ந்து மூன்றாவது இறுதித் தோல்வி. போன வருடம் இங்கே கெர்பர், அமெரிக்க ஓபனில் ஒசாகா, இப்போது ஹாலெப். மூன்றிலும் ஒரு செட்கூட எடுக்கவில்லை. வாத்தியார் கணக்குக்கு இங்கே வேலையே இல்லை.

முதல் சுற்றில் வீனஸை வீழ்த்திய 15 வயது கோகோ காஃப் பற்றியும் எழுதலாம். அந்தப் பெண்ணை நான்காவது சுற்றில் நிறுத்தியதும் இதே ஹாலெப்தான்.

---

புல்தரை | 15 ஜூலை 2019, மாலை 5:10

செல்வி சொல்வது நியாயம். ஹாலெப் ஆடியது இந்தப் பதினைந்து நாளில் நான் பார்த்த மிகச் சுத்தமான டென்னிஸ். ஆனால் சுத்தமான ஆட்டத்தைப் பற்றி விவாதிக்க என்ன இருக்கிறது? 'நன்றாக ஆடினார், ஜெயித்தார்' என்றால் இழை முடிந்தது. மனிதர்கள் சேர்ந்து அழத்தான் இழை திறக்கிறார்கள்.

ஆண்கள் இரட்டையர் இறுதியும் விடக் கூடாது. கொலம்பியாவின் கபாலும் ஃபராவும் ஐந்து செட் ஆடி ஜெயித்தார்கள். முதல் நான்கு செட்டும் டை-பிரேக். கொலம்பிய ஆண்களுக்கு கிராண்ட் ஸ்லாம் இரட்டையரில் இது முதல் பட்டம்.

---

சும்மா ஒரு பார்வையாளன் | 15 ஜூலை 2019, இரவு 8:15

ஓரமாக உட்கார்ந்தவன் ஒரு கேள்வி கேட்கலாமா? 12-12 என்பது எங்கிருந்து வந்தது? கடைசி செட்டில், அமெரிக்க ஓபனில் 6-6 வந்தால் டை-பிரேக். பிரெஞ்சு ஓபனில் அந்த செட்டுக்கு டை-பிரேக்கே கிடையாது, போய்க்கொண்டே இருப்பார்கள். இங்கே மட்டும் 12 எதற்கு?

---

கணக்கு வாத்தியார் | 15 ஜூலை 2019, இரவு 9:02

இந்த வருடம்தான் வந்தது. 2010-இல் இஸ்னரும் மஹுவும் ஆடியது நினைவிருக்கும். ஐந்தாவது செட் 70-68. மூன்று நாள், 11 மணி 5 நிமிடம். அப்போதும் விம்பிள்டன் அசையவில்லை. போன வருட அரையிறுதியில் அதே இஸ்னர், எதிரே கெவின் ஆண்டர்சன், 26-24. 6 மணி 36 நிமிடம். அடுத்து ஆட வேண்டிய நடால்-ஜோகோவிச் அரையிறுதி அன்று முடியாமல் மறுநாளுக்குப் போனது. இறுதிக்குப் போன ஆண்டர்சன் காலில் உயிரே இல்லாமல் நேர் செட்டில் தோற்றார். அதற்குப் பிறகுதான் 12-12 என்று ஒரு சமரசம். பழைய முறையையும் விட மனமில்லை, நடு இரவு வரை உட்காரவும் தெம்பில்லை.

ஒற்றையரில் அந்த விதி முதன்முதலாகப் பயன்பட்டதே நேற்றைய இறுதியில்தான். பித்தன் தம்பி யோசிக்க ஒரு விஷயம். அமெரிக்க ஓபன் மாதிரி 6-6-இல் டை-பிரேக் வைத்திருந்தால் ஃபெடரருக்கு 8-7, 40-15 என்ற அந்த வாய்ப்பே வந்திருக்காது. இத்தனை வயிற்றெரிச்சலும் இருந்திருக்காது.

---

பேக்ஹேண்ட் பித்தன் | 15 ஜூலை 2019, இரவு 9:30

விதியே இல்லாமல் ஓட விட்டிருந்தால்? 13-13, 14-14 என்று போயிருந்தால் ஃபெடரர் எடுத்திருப்பார் என்றுதான் இன்னும் நம்புகிறேன். டை-பிரேக் இல்லாத இடத்தில் அவர்தான் மேல் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

---

நோலே நந்தினி | 15 ஜூலை 2019, இரவு 9:34

37 வயதில், ஆறாவது மணி நேரத்தில்? எதிரே ஜோகோவிச்சை வைத்துக்கொண்டா? கனவு காண வரி இல்லை, காணுங்கள்.

---

திருச்சி தினா | 15 அக்டோபர் 2019, காலை 8:20

நெறியாளர் மன்னிக்கவும், ஒரே வரி. பவுண்டரி எண்ணும் விதியை ஐசிசி தூக்கிவிட்டது. இனி அரையிறுதியிலும் இறுதியிலும் ஒரு முடிவு வரும்வரை சூப்பர் ஓவர்தான். போய்விட்டேன்.

---

புல்தரை | 17 மார்ச் 2022, காலை 10:05

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் இனி ஒரே விதியாம். கடைசி செட்டில் 6-6 வந்தால் பத்துப் புள்ளி டை-பிரேக். 12-12 விதி விம்பிள்டனில் மொத்தம் இரண்டே வருடம்தான் உயிரோடு இருந்தது, 2020-இல் போட்டியே நடக்கவில்லை. அதன் பெயரைச் சொன்னால் இந்த ஒரு இறுதிதான் யாருக்கும் ஞாபகம் வரப்போகிறது.

---

பேக்ஹேண்ட் பித்தன் | 9 ஜூன் 2025, காலை 6:48

வாத்தியார் சார் இருக்கிறீர்களா? ஃபெடரர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகப்போகிறது, இந்த இழையை இனி திறக்க மாட்டேன் என்று இருந்தேன். நேற்று பாரிஸில் பிரெஞ்சு ஓபன் இறுதியைப் பார்த்தபின் முடியவில்லை. அல்கராஸ் 4-6, 6-7, 6-4, 7-6, 7-6. 5 மணி 29 நிமிடம். நான்காவது செட்டில் சின்னர் 5-3, அல்கராஸ் சர்வில் 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். மூன்றும் போயின. மொத்தப் புள்ளி சின்னர் 193, அல்கராஸ் 192.

மறுபடியும் கூடுதல் எடுத்தவர் தோற்றார். இந்த முறை ஒரே ஒரு புள்ளி.

---

கணக்கு வாத்தியார் | 9 ஜூன் 2025, காலை 8:30

இருக்கிறேன் தம்பி. கேம் கணக்கில் இந்த முறை அல்கராஸ் 30, சின்னர் 29. அதனால் ஃபெடரர் அளவுக்குப் புலம்ப முடியாது. ஆனால் டை-பிரேக்கை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாவது செட்டில் சின்னர் 7-4. நான்காவதில் அல்கராஸ் 7-3. ஐந்தாவதில் அல்கராஸ் 10-2. கூட்டுங்கள். அல்கராஸ் 4, 7, 10, மொத்தம் 21. சின்னர் 7, 3, 2, மொத்தம் 12.

21-12. விம்பிள்டன் 2019-இலும் ஜோகோவிச் 21, ஃபெடரர் 12. அதே 33 புள்ளி, அதே பிரிவு. தற்செயல்தான், இதில் ஜோதிடம் பார்க்காதீர்கள். டை-பிரேக்கை விட்டுவிட்டால் சின்னர் 181, அல்கராஸ் 171.

ஒரு வித்தியாசம் உண்டு. 2019-இல் மூன்று டை-பிரேக்கும் ஒருவருக்கே போயின. இங்கே சின்னர் ஒன்றை எடுத்தார். கடைசி டை-பிரேக்கில்தான் அல்கராஸ் வேறு கிரகத்துக்குப் போய்விட்டார். முதல் ஏழு புள்ளியும் அவருக்கே. அந்த நேரத்தில் சின்னர் மோசமாக ஆடினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

நோலே நந்தினி | 9 ஜூன் 2025, காலை 9:15

பித்தன், 0-40-இல் மூன்று பாயின்ட் தடுத்தவரை 'அபாரம்' என்று இன்று ஊரே புகழ்கிறது. 40-15-இல் இரண்டு தடுத்தவரை மட்டும் அன்று ஏன் திருடன் மாதிரி பார்த்தார்கள்? இந்தக் கேள்வியை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன்.

---

பேக்ஹேண்ட் பித்தன் | 9 ஜூன் 2025, காலை 9:41

ஏனென்றால் சின்னருக்கு 23 வயது. இன்னும் பத்து வருடம் வருவார். ஃபெடரருக்கு அதுதான் கடைசி வாசல் என்று அன்றே எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எந்த கிராண்ட் ஸ்லாம் இறுதிக்கும் வரவில்லையே.

---

நோலே நந்தினி | 9 ஜூன் 2025, காலை 9:55

சரி. இது ஒரு பதில்.

---

திருச்சி தினா | 14 ஜூலை 2025, காலை 7:30

விம்பிள்டன் முடிவு: சின்னர் 4-6, 6-4, 6-4, 6-4. பாரிஸில் தோற்று ஐந்தே வாரத்தில் அதே ஆளைப் புல்தரையில் சாய்த்துவிட்டார். டை-பிரேக் ஒன்றுகூட இல்லை. கேம் 22-18, கூடுதல் எடுத்தவரே ஜெயித்தார். வாத்தியாருக்கு விடுமுறை.

---

சென்டர் கோர்ட் செல்வி | 14 ஜூலை 2025, காலை 8:02

சனிக்கிழமையும் ஒரு இறுதி நடந்தது. ஸ்வியாடெக் 6-0, 6-0, எதிரே அனிசிமோவா. 57 நிமிடம். விம்பிள்டன் பெண்கள் இறுதியில் இப்படி ஒரு ஸ்கோர் கடைசியாக வந்தது 1911-இல். அரையிறுதியில் முதலிடத்தில் இருக்கும் சபலென்காவை வீழ்த்தி வந்த பெண்ணுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. ஏன் என்று பேச நிறைய இருக்கிறது. தனி இழை திறந்துவிட்டேன். புல்தரை ஐயா, 'நன்றாக ஆடினார், ஜெயித்தார்' என்று அங்கேயும் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

---

புல்தரை | 14 ஜூலை 2025, காலை 8:20

வருகிறேன் அம்மா. அனிசிமோவாவின் சர்வ் பற்றி எழுத ஒரு பத்தி கைவசம் இருக்கிறது.